புள்ளிக் கோலத்துக்கு 'ரங்கோலி' என்று குறிச்சொல் போடலாமா?

நேர்புள்ளி

வணக்கம். மார்கழி முழுக்க வாசலில் போட்ட கோலங்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், இப்போது ஒவ்வொன்றாக டேப்லெட்டில் மறுபடி வரைந்து இந்த ஓவியத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 26 படம். நேற்று ஏற்றிய படத்துக்குக் கோலம், ரங்கோலி, மண்டலா, மதுபனி, நாட்டுப்புறக் கலை, இந்தியா, அழகு, பெண்மை, பொங்கல் என்று மனதில் வந்ததையெல்லாம் போட்டேன். ஒருவர் தனிச்செய்தியில் வந்து, "இது மதுபனியும் இல்லை, மண்டலாவும் இல்லை, ரங்கோலியும் இல்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. 'கோலம்' என்று மட்டும் போட்ட படங்களை ஏழெட்டுப் பேர்தான் பார்க்கிறார்கள், 'ரங்கோலி' சேர்த்தால் வடக்கே இருப்பவர்களும் வருகிறார்கள். நீங்கள் எல்லாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? எது சரி, எது தப்பு என்று ஒரு அளவு இருக்கிறதா?

தூரிகைக்காரன்

அக்கா, அவர் சொன்னதற்காக எதையும் எடுக்காதீர்கள். எத்தனை சொல் போட இடம் கொடுத்திருக்கிறார்களோ அத்தனையையும் நிரப்ப வேண்டும் என்பதுதான் என் பழக்கம். மண்டலா என்று தேடி வருகிறவருக்கு உங்கள் சிக்குக் கோலம் கண்ணில் பட்டால் என்ன நஷ்டம்? நான் யாளி வரைகிறேன், ஸ்ரீரங்கம் மண்டபத் தூண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. 'யாளி' என்று தேடுகிறவர் உலகத்தில் எத்தனை பேர்? 'டிராகன்' என்று போட்ட பிறகுதான் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து "இது என்ன மிருகம், யானைத் தும்பிக்கையும் சிங்க உடம்புமாக இருக்கிறதே" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர் இப்போது என்னிடம் படம் வரையச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

பலகைப்படம்

தம்பி, நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் 19 வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். பலகையில் துணி ஒட்டி, மக்கு என்னும் பசைக் கலவையால் நகையும் தூணும் புடைத்து வரும்படி மேடு எழுப்பி, காய வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வர்ணம். நடுத்தரப் படம் ஒன்றுக்கு எனக்கு மூன்று வாரம் ஆகிறது. இந்தத் தளத்தில் 'தஞ்சாவூர் ஓவியம்' என்று தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருவதில் பாதி, கணினியில் மஞ்சள் நிறம் பூசிப் பளபளப்பு சேர்த்த படங்கள். அவற்றுக்கு நடுவே மைசூர் ஓவியங்கள். மைசூர்க்காரர்களுடையதும் பெரிய மரபு, ஆனால் அதில் மேடு மெல்லியதாக இருக்கும், கல் பதித்து ஜொலிக்க வைக்க மாட்டார்கள், தங்கம் அடக்கமாகத் தெரியும், அதன் அழகே அந்த அடக்கம்தான். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு இரண்டுமே தெரியாமல் போகிறது. என்னிடம் படிக்க வந்த ஒரு பெண், மைசூர் படம் ஒன்றைக் காட்டி "சார், இந்த மாதிரித் தஞ்சாவூர்ப் படம் செய்ய வேண்டும்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அவள் பார்த்த படத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதற்காகக் கணினியில் வரைகிறவர் வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 'தஞ்சாவூர் பாணி' என்று போடுங்கள், கூடவே 'டிஜிட்டல்' என்றும் போடுங்கள். 'பாணி' என்ற ஒரு சொல் சேர்ந்தாலே போதும், பார்க்கிறவர் ஏமாற மாட்டார், உங்கள் உழைப்புக்கும் குறைவு வராது.

கரித்துண்டு

பலகைப்படம் ஐயா சொன்னது பாணி பற்றி. எனக்கு அதைவிட எரிச்சல் தருவது ஊடகத்தைத் தப்பாகப் போடுவது. ஆயில் பேஸ்டலில் வரைந்துவிட்டு 'ஆயில் பெயின்டிங்' என்கிறார்கள். ஒன்று கையில் பிடித்துத் தேய்க்கும் குச்சி, இன்னொன்று ஆளி எண்ணெயில் குழைத்த வர்ணம், காயவே நாள் கணக்கில் ஆகும். போஸ்டர் கலரில் போட்டதை 'வாட்டர்கலர்' என்கிறார்கள். பென்சில் படத்தைச் 'சார்க்கோல்' என்கிறார்கள், ஏனென்றால் அது கருப்பாக இருக்கிறது.

இது வறட்டுத்தனம் இல்லை. நான் கரி ஓவியம் பழகிய காலத்தில் இந்தக் குறிச்சொற்களை நம்பித்தான் பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஒருவர் வரைந்த கிழவர் முகம் ஒன்று, தாடியில் ஒவ்வொரு முடியும் ஊசி மாதிரி கூர்மையாக இருந்தது. 'சார்க்கோல்' என்று போட்டிருந்தார். அதே கூர்மை வர வேண்டும் என்று ஒரு மாதம் கரியோடு மல்லுக்கட்டினேன், வரவே இல்லை, எனக்குக் கை வராது என்று நிறுத்தியே விட்டேன். அப்புறம் அவரிடமே கேட்டபோது, "அது 2எச் பென்சில், சும்மா போட்டேன்" என்றார். சும்மா போட்டது எனக்கு ஒரு மாதம்.

'கண்ணாடி ஓவியம்' இன்னொரு குழப்பம். கண்ணாடியின் பின்பக்கத்தில் தலைகீழ் வரிசையில், முதலில் நுண்கோடு, பிறகு பின்னணி என்று வரைந்து முன்பக்கமாகப் பார்க்கும் பழைய முறையும் அந்தப் பெயரில் வருகிறது, ட்யூபிலிருந்து பிதுக்கிக் கோடு போட்டு நடுவில் வர்ணம் ஊற்றுகிற விடுமுறை வகுப்புப் படமும் அதே பெயரில் வருகிறது. இரண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பதால் யாரையும் திட்ட முடியாது. ஆனால் 'பின்புற ஓவியம்' என்றோ 'கிளாஸ் கலர்' என்றோ இன்னொரு சொல் சேர்த்தால் பிரிந்துவிடும்.

நேர்புள்ளி

எல்லோருக்கும் நன்றி. மதுபனியை எடுத்துவிட்டேன். அது பீகாரில் மிதிலைப் பக்கத்துக் கலை என்று இப்போதுதான் படித்தேன், நான் வரைந்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மண்டலாவையும் எடுத்துவிட்டேன். 'அழகு', 'பெண்மை' இரண்டையும்கூட எடுத்துவிட்டேன், யார் அந்தச் சொற்களை வைத்துக் கோலம் தேடப் போகிறார்கள்?

ஆனால் ரங்கோலிதான் மனசு வர மாட்டேன் என்கிறது. மும்பையில் இருக்கும் என் அத்தை மகளே நான் போடுவதை ரங்கோலி என்றுதான் சொல்கிறாள். அவள் அந்தச் சொல்லைத்தான் தேடுவாள். அவளுக்கு என் படம் கிடைக்க வேண்டாமா?

நிரல்

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது வேறு, ஒன்று போலவே இருக்கும் இரண்டு பொருள்கள் வேறு. சிக்குக் கோலத்தைக் கம்பிக் கோலம் என்றும் நெளிக் கோலம் என்றும் சொல்கிறோம், பொருள் ஒன்றுதான், எல்லாப் பெயரையும் போடலாம், போடவும் வேண்டும். யாளியும் டிராகனும் அப்படி இல்லை, இரண்டு பிராணி. இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ரங்கோலி நடுவில் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மும்பைக்காரர் வாயில் அது எல்லாத் தரைக்கோலத்துக்கும் பொதுப்பெயர். நம் ஊரில் ரங்கோலி என்றால் புள்ளி இல்லாமல் கலர்ப் பொடி தூவிப் போடுவது. நம் ஊர் ஆள் ரங்கோலி என்று தேடினால் மயிலும் தாமரையும் கலர் கலராக வரும் என்று எதிர்பார்ப்பார், உங்கள் வெள்ளைச் சிக்குக் கோலம் வந்தால் தப்பு என்பார்.

இன்னொரு விஷயம், இதை யாரும் கவனிப்பதில்லை. தமிழில் குறிச்சொல் போடும்போது எழுத்தே காலை வாரிவிடும். நான் இரண்டு வருடம் ஒரு சின்னப் படக் களஞ்சியத்துக்குத் தேடல் எழுதினேன், அங்கே பட்ட பாடு இது. 'கொலு' என்பதில் இருக்கும் 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். தளம் அதை ஒருமைப்படுத்தாவிட்டால் இரண்டு தனிக் குறிச்சொல்லாக நிற்கும், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'ஸ்ரீ' எழுத்தும் இரண்டு விதமாக இருக்கிறது. 'கௌரி'யை நிறையப் பேர் 'கெளரி' என்று ளகரம் போட்டே தட்டுகிறார்கள், அது ஒருமைப்படுத்தினாலும் சேராது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு எழுத்து.

எங்கள் களஞ்சியத்தில் முதலில் பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான தேடல் முறையை வைத்துச் சொற்களைப் பிரித்தோம். அது உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுக்கவில்லை. 'கோலம்' என்று போட்டது 'க', 'லம' என்று இரண்டு துண்டாக உடைந்து கிடந்தது. ஆறு மாதப் படங்களைத் திரும்பத் திருத்தினோம்.

அப்புறம் ஒருமை, பன்மை. 'கோலம்' என்று தேடினால் 'கோலங்கள்' வராது, ஏனென்றால் மகரம் போய் 'ங்கள்' ஆகிவிட்டது, முதல் எழுத்துகளை ஒப்பிடும் தேடலுக்கும் அது வேறு சொல். சிக்குக்கோலம், சிக்குக் கோலம், சிக்கு கோலம் என்று மூன்று விதமாக எழுதுகிறோம். என் வழக்கம், எப்போதும் ஒருமை, இடைவெளி விட்டு ஒன்று, சேர்த்து ஒன்று. அதில் இரண்டு இடம் போனால் போகட்டும்.

தூரிகைக்காரன்

நிரல் அண்ணா, "இரண்டு பிராணி" என்று சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். சரி, யாளி டிராகன் இல்லை. ஆனால் வெளியூர்க்காரருக்கு யாளி என்ற சொல்லே தெரியாதே, தெரியாத சொல்லை எப்படித் தேடுவார்? அவர் வந்து சேர ஒரு வாசல் வேண்டாமா?

நிரல்

வாசல் வேண்டும். 'கற்பனை மிருகம்', 'கோயில் சிற்பம்', 'தூண் சிற்பம்', 'சிங்கமுகம்' என்று போடுங்கள். இதில் எதுவும் பொய் இல்லை, எல்லாமே படத்தில் இருக்கிறது. டிராகனோடு ஒப்பிட்டுப் பேச ஆசை என்றால் படத்துக்குக் கீழே விளக்கத்தில் எழுதுங்கள், "இதை டிராகன் என்று நினைப்பார்கள், ஆனால் இது யாளி" என்று. விளக்கத்தையும் தேடும் தளங்கள் நிறைய இருக்கின்றன. விளக்கத்தில் பேசலாம், ஒப்பிடலாம், கதை சொல்லலாம். குறிச்சொல் அப்படி இல்லை, அதில் 'இல்லை' என்று சொல்ல வழியே கிடையாது, போட்டால் 'ஆமாம்' என்றுதான் அர்த்தம்.

செங்காந்தள்

நான் ஊட்டிப் பக்கம். யாளிக்கு நடப்பதுதான் எங்கள் குறும்பர் ஓவியங்களுக்கும் நடக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வெள்ளரிக்கொம்பை ஊரில் ஆலு குறும்பர் பழங்குடியினர் வரைகிறார்கள், வேங்கை மரப் பிசின் போன்ற காட்டுப் பொருள்களே அவர்களுக்கு வர்ணம். தேன் எடுப்பது, ஆடுவது, விதைப்பது என்று மெல்லிய மனித உருவங்கள் வரிசையாக நிற்கும். இதைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களில் பலர் 'வார்லி' என்று குறிச்சொல் போடுகிறார்கள். வார்லி மகாராஷ்டிரப் பழங்குடியினருடையது, செம்மண் சுவரில் அரிசி மாவில் வெள்ளையாக, முக்கோணம் முக்கோணமாக உடம்பு வரைவார்கள். பார்த்தவுடன் வேறுபாடு தெரியும். குச்சி உருவம் என்றால் வார்லிதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வார்லி என்ற பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், குறும்பர் பெயர் தெரியாது, தெரியாத பெயரை ஒவ்வொரு முறையும் தெரிந்த பெயரால் மூடினால் அது எப்போதுதான் தெரிய வரும்? நேர்புள்ளி அக்காவின் பார்வை எண்ணிக்கை பற்றி எனக்குப் புரிகிறது, ஆனால் ஏழெட்டுப் பேர் பார்க்கிற 'கோலம்' என்ற பக்கத்தை நாம்தான் நிரப்ப வேண்டும், வேறு யார் வந்து நிரப்புவார்கள்?

ஈரமணல்

தேடிக் கண்டுபிடிப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கண்ணில் படாமல் இருக்கவும் குறிச்சொல்தான் வழி என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் தங்கையைச் சின்ன வயதில் பாம்பு கடித்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்றும் பாம்புப் படம் பார்த்தால் கை நடுங்கும். அவள் தன் கணக்கில் 'பாம்பு' என்ற குறிச்சொல்லைத் தடுத்து வைத்திருக்கிறாள். போன வாரம் மிக நுணுக்கமாக வரைந்த நல்ல பாம்பு ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. வரைந்தவர் 'நாகம்', 'ஆடி', 'பக்தி' என்று மட்டும் போட்டிருந்தார். அவர் போட்ட மூன்றும் உண்மை, ஒன்றுகூடத் தப்பில்லை. படத்தில் யாருக்கும் முதலில் தெரிவது எதுவோ அதற்கான சாதாரணச் சொல் மட்டும் இல்லை. அவரிடம் சொன்னேன், உடனே சேர்த்துவிட்டார், நல்ல மனிதர். காளி படங்களில் 'ரத்தம்' போடாமல் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பக்திப் படமாக இருந்தாலும் வெட்டிய தலையும் ரத்தமும் படத்தில் இருக்கின்றன.

பலகைப்படம்

ஈரமணல் சொன்னது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. என் காளிங்க நர்த்தனப் படங்கள் நான்கிலும் இப்போது 'பாம்பு' சேர்த்துவிட்டேன்.

கரித்துண்டு

ஏஐ படங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிக்சிவ் என்ற ஜப்பானிய ஓவியத் தளம் 2022 அக்டோபர் கடைசியிலேயே, படம் ஏற்றும்போது ஏஐயில் உருவாக்கியதா இல்லையா என்று குறிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது, பார்க்கிறவர் அவற்றை வடிகட்டிக்கொள்ளலாம். இங்கே அது ஆளாளுக்கு விட்ட விஷயமாக இருக்கிறது. சிலர் ஏஐயில் எடுத்து 'வாட்டர்கலர்' என்று போடுகிறார்கள். அதில் தண்ணீரும் இல்லை, கலரும் இல்லை, தாளும் இல்லை. நான் சொன்ன ஒரு மாதக் கதை இனி ஒவ்வொரு மாணவருக்கும் நடக்கும்.

அதே பிக்சிவில் ஒரு படத்துக்குப் பத்துக் குறிச்சொல்தான். முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கட்டுப்பாடு பிடித்திருக்கிறது. பத்து என்றால் யோசித்துப் போடுவோம், முப்பது என்றால் அள்ளிக் கொட்டுவோம்.

நேர்புள்ளி

இரண்டு நாளாக இதே நினைப்பு. நேற்று பரணில் இருந்து அம்மாவின் கோல நோட்டை எடுத்துப் பார்த்தேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, 1983 என்று அட்டையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கோலத்துக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி. "15 புள்ளி 15 வரிசை, நேர்புள்ளி." "7–4, ஊடுபுள்ளி, சிக்கு." "காவியோடு, மாக்கோலம், கல்யாணத்துக்கு." "படிக்கோலம், வெள்ளிக்கிழமை." ஒரு இடத்தில்கூட அழகு, கலை, பாரம்பரியம் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் படித்தால் படமே இல்லாமல் கோலத்தைப் போட்டுவிடலாம். 7–4 ஊடுபுள்ளி என்றால் நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் நான்கில் முடியும், மொத்தம் 37 புள்ளி, கேட்டவுடன் கை தானாகப் போகும். புள்ளிக்கு நேரே புள்ளி வைக்கும் நேர்புள்ளியா, இரண்டு புள்ளிக்கு இடையே வைக்கும் ஊடுபுள்ளியா என்று சொல்லாமல் விட்டால் கோலமே மாறிவிடும்.

என் பெயரையே நேர்புள்ளி என்று வைத்துக்கொண்டு, ஒரு படத்திலும் நேர்புள்ளி என்று நான் குறிக்கவில்லை. இன்று 26 படத்தையும் உட்கார்ந்து திருத்தப் போகிறேன்.

நிரல்

இதைத்தான் அக்கா சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற மூன்று ஆய்வாளர்களும் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கோலம் அந்த அளவுக்கு ஒழுங்கான விதிகளில் நடக்கிறது. உங்கள் அம்மாவின் அந்த ஒரு வரியைச் சொல் மாற்றாமல் அப்படியே குறிச்சொல்லாகப் போடுங்கள். புள்ளிக் கணக்கை வைத்துத் தேடுகிறவர்கள் மார்கழியில் நிறைய வருவார்கள், "சின்ன வாசல், 7 புள்ளிக்கு என்ன இருக்கிறது" என்றுதானே பெண்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

தூரிகைக்காரன்

சரி. டிராகனை எடுத்துவிட்டேன், விளக்கத்தில் எழுதிவிட்டேன். பார்வை குறைந்தால் இங்கே வந்து சொல்வேன், அதையும் நீங்கள் கேட்க வேண்டும். ஆனால் ரங்கோலி விஷயத்தில் நான் இன்னும் அக்கா பக்கம்தான். ஊரைப் பொறுத்துச் சொல்லின் பொருள் மாறும்போது, தேடுகிறவர் ஊர்ச் சொல்லும் உண்மைதான்.

செங்காந்தள்

அப்படியென்றால் ஆந்திராவுக்கு 'முக்கு', வங்காளத்துக்கு 'அல்பனா', ராஜஸ்தானுக்கு 'மாண்டனா' என்று எல்லாவற்றையும் போட வேண்டிவரும். அந்த ஒவ்வொன்றுக்கும் தனி முறை, தனிக் கோடு இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

நேர்புள்ளி

ரங்கோலியைக் கலர்ப் பொடியில் போட்ட ஐந்து படங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், மற்ற 21இல் எடுத்துவிட்டேன். அத்தை மகளுக்கு இணைப்பை நானே அனுப்பிக்கொள்கிறேன்.

ஒரு படம் மட்டும் நிற்கிறது. நோட்டில் அதற்குப் பக்கத்தில் அம்மா ஒன்றும் எழுதவில்லை, கேட்கவும் அவர் இப்போது இல்லை. நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் புள்ளி வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளி, கோடு ஒரே இழையாகச் சுற்றிச் சுற்றி வந்து தாமரை மாதிரி முடிகிறது. 'பூக்கோலம்' என்று போட்டிருந்தேன். ஆனால் பூக்கோலம் என்றால் ஓணத்துக்குப் பூவால் போடுவதும் வருகிறதே. இதற்கு என்ன பெயர் போடுவது?

வெள்ளைச்சுண்ணாம்பு

நான் படிக்க மட்டும் வருகிறவள், இதற்காகத்தான் கணக்கே தொடங்கினேன். அம்மா, அது ஹிருதய கமலம். எங்கள் வீட்டில் பூஜை அறையில் வெள்ளிக்கிழமை போடுவோம். உங்கள் அம்மா அதற்குப் பெயர் எழுதாமல் விட்டது மறதியாக இருக்காது, அது தெரியாத வீடு அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இல்லை. ஹிருதய கமலம், ஹ்ருதய கமலம், இருதய கமலம் என்று மூன்று விதமாகவும் எழுதுவார்கள், மூன்றையும் போடுங்கள். ஒரே இழை, எட்டு, ஐந்து புள்ளி என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

நேர்புள்ளி

போட்டுவிட்டேன் அம்மா. நோட்டிலும் பென்சிலால் எழுதிவிட்டேன், அம்மாவின் எழுத்துக்குப் பக்கத்திலேயே.